பங்காளிகள் ஆடும் கூடம்

போன வாரம் ஒரு வாசகர், ‘உலகத்திலேயே சத்தமான அறை எது?’ என்று கேட்டிருந்தார். ‘முதலிடம் கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம், இரண்டாமிடம் டியூக் பல்கலைக்கழகத்தின் கேமரன் அரங்கம்’ என்று எழுதியிருந்தேன். முதலிடத்தை யாரும் மறுக்கவில்லை. இரண்டாமிடத்துக்கு விளக்கம் கேட்டு வந்த கடிதங்களுக்கே இந்த வாரப் பக்கம் போய்விட்டது. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கே: கேமரன், கேமரன் என்கிறீர்களே, அது எந்த நாட்டு ஊர்?
— ‘பூகோளத்தில் வீக்’, புதுக்கோட்டை

ப: ஊர் இல்லை, கூடம். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் நகரம். அங்கே டியூக் பல்கலைக்கழகம். அதன் கூடைப்பந்து அரங்கம். வெளியே நின்று பார்த்தால் கல்லால் கட்டிய பழைய நூலகம் போல அடக்கமாக இருக்கும். 1940 ஜனவரி 6 அன்று பிரின்ஸ்டனை 36-27 என்று தோற்கடித்துத் திறப்பு விழா நடத்தினார்கள். இன்றைக்கு 9,314 பேர் உட்காரலாம். ‘உட்காரலாம்’ என்பது பேச்சுக்கு. ஆடுகளத்தை ஒட்டிய மாணவர் வரிசைகளில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. களத்துக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே எறியப் போகும் எதிரணி வீரரின் முதுகுக்கும் மாணவர்களின் நீட்டிய விரல்களுக்கும் நடுவே ஒரு முழம் இடம் இருந்தால் அதிகம்.

கே: அந்த அரங்கத்தைத் தீப்பெட்டியில் வரைந்தார்களாமே, நிஜமா?
— ‘உரசிப் பார்ப்பவன்’, சிவகாசி

ப: கேட்க வேண்டிய ஊரிலிருந்துதான் கேட்டிருக்கிறீர்கள். 1935இல் கூடைப்பந்துப் பயிற்சியாளர் எடி கேமரனும், அமெரிக்கக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் வாலஸ் வேடும் ஒரு தீப்பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் இதன் படத்தைக் கிறுக்கினார்கள் என்பது ஐதீகம். ஐதீகத்திடம் அட்டையை எடுத்துக் காட்டச் சொல்லக் கூடாது. புகையிலைக் காசில் வளர்ந்த பல்கலைக்கழகத்தின் அரங்கம் தீப்பெட்டியில் பிறந்தது என்பது பொய்யாக இருந்தாலும் பொருத்தமான பொய்.

அட்டையை விட்டுவிட்டு உண்மையான வரைபடத்துக்கு வருவோம். அது ஃபிலடெல்ஃபியாவில், ஹொரஸ் ட்ரம்பாயர் என்பவரின் கட்டடக்கலை நிறுவனத்தில் தயாரானது. டியூக் கேட்டது 8,000 பேருக்கு இடம். ‘யேல் பல்கலைக்கழகமே 1,600 இருக்கையோடு நிறுத்திக்கொண்டது, உங்களுக்கு எதற்கு இவ்வளவு?’ என்கிற தொனியில் நிறுவனத்திலிருந்து பதில் போனது. நல்ல வேளை, டியூக் பிடிவாதம் பிடித்தது. திறந்த நாளில் ஃபிலடெல்ஃபியாவின் பலெஸ்ட்ரா அரங்கத்துக்குத் தெற்கே இதுதான் ஆகப் பெரியது. இன்று வரும் கூட்டத்துக்கு இதுவும் தீப்பெட்டிதான்.

அந்த நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஜூலியன் ஏபெல். கறுப்பினத்தவர். டியூக்கின் வானுயர்ந்த தேவாலயமும் வளாகத்தின் பெரும்பகுதியும் அவர் கையில் உருவானவை. கேமரனும் அப்படியே. அவர் வரைந்த வகுப்பறைகளில் ஒரு கறுப்பின இளநிலை மாணவர் உட்கார 1963 வரை ஆயிற்று. ஏபெல் 1950இலேயே காலமாகிவிட்டார். வளாகத்தின் நடு முற்றத்துக்கு அவர் பெயரை வைத்தது 2016இல். கேமரனின் பெயர் அரங்கத்துக்கு 1972இல் வந்தது. அன்றைய ஆட்டத்தில் கடைசி நொடிகளில் டியூக்கின் ராபி வெஸ்ட் பந்தைக் கூடையில் போட, வட கரோலினா பல்கலைக்கழகம் 76-74 என்று தோற்றது. பெயர் வாங்கினவருக்கு அதைவிட நல்ல மொய் வேறென்ன?

கே: மகன் வீட்டுக்கு, மோரிஸ்வில்லுக்கு வந்திருக்கிறேன். அவன் டியூக்கில் படித்தவன். மருமகள் சாப்பல் ஹில். மேட்ச் அன்றைக்கு நான் நீலப் புடவை கட்டினால் இருவருமே முறைக்கிறார்கள். என்ன செய்வது?
— ‘ஆறு மாத விசா’, மயிலாடுதுறை

ப: நீலத்தில் எந்த நீலம் அம்மா? அங்கே அதுதான் வழக்கே. வெளிர் வான நீலம் என்றால் சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகம். பேனா மசி போன்ற அடர் நீலம் என்றால் டியூக். சிவப்புக் கட்டலாமே என்று நினைக்காதீர்கள், அது ராலே நகரத்து என்.சி. ஸ்டேட்டின் நிறம். அரக்கில் பொன் ஜரிகை? பொன் வேக் ஃபாரஸ்டுக்குப் போய்விட்டது. நாலும் ஒரே மாநிலம், ஒரே லீக். கிளிப்பச்சை கட்டிக்கொண்டு, ஆட்டம் முடிகிற வரைக்கும் அடுப்படியில் இருங்கள். வெளியே வரும்போது யார் ஜெயித்தார்கள் என்று கேட்க வேண்டாம். யார் சாப்பிட வரவில்லை என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

கே: பக்கத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகங்கள். பிறகு ஏன் இத்தனை பகை?
— ‘சமாதானப் புறா’, சேலம்

ப: பக்கத்தில் இருப்பதால்தான். இரண்டுக்கும் நடுவே சுமார் 16 கிலோமீட்டர். தூரத்துக்காரனோடு வருவது போட்டி. வரப்பு ஒட்டினவனோடு வருவது பங்காளிச் சண்டை. ஒன்று 1789இல் சாசனம் பெற்ற அரசுப் பல்கலைக்கழகம், ‘மண்ணின் மைந்தர்கள் நாங்கள்’ என்கிற மிடுக்கு. மற்றது 1924இல் ஜேம்ஸ் டியூக்கின் புகையிலைச் செல்வத்தில் புதுப்பெயர் எடுத்த தனியார் நிறுவனம், வெளிமாநிலப் பிள்ளைகள் நிறைந்தது. ‘ஊருக்கு நேற்று வந்த பணக்காரன்’ என்று ஒரு பக்கம், ‘பொறாமை’ என்று மறுபக்கம். இதற்கு நடுவில் ஒரு பந்தைப் போட்டால் என்ன ஆகும்?

1961 பிப்ரவரி 4இல் நடந்ததுதான் ஆகும். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் பகுதியைச் சேர்ந்த ஆர்ட் ஹேமன், முதலில் சாப்பல் ஹில்லுக்கு வருகிறேன் என்று ஒப்புக்கொண்டு, பிறகு டியூக்குக்கு மாறியவர். வெற்றிலை பாக்கு மாற்றின பிறகு பெண் மாறினால் எப்படி இருக்கும்! கரோலினா பக்கம் ஆடியவர் அதே லாங் ஐலண்ட் பையன் லாரி பிரவுன். கடைசி நொடிகளில் பிரவுன் கூடையை நோக்கிப் பாய, ஹேமன் அழுத்தமாகத் தடுக்க, பந்தும் கையும் சேர்ந்தே பறந்தன. இரு பக்க ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் களத்தில் இறங்கிவிட்டார்கள். ஹேமன், பிரவுன், பிரவுனின் அணித்தோழர் டானி வால்ஷ் மூவருக்கும் அந்தப் பருவத்தின் மீதி லீக் ஆட்டங்களில் தடை. டியூக் 81-77 என்று ஜெயித்தது. இந்த எண்ணை ஓரமாகக் குறித்து வையுங்கள், பின்னால் வரும்.

அடிதடிக்காரர் பிரவுன் என்ன ஆனார்? பயிற்சியாளர் ஆனார். 1988இல் கன்சாஸை வைத்துக் கல்லூரிப் பட்டம், 2004இல் டெட்ராய்ட்டை வைத்து என்.பி.ஏ. பட்டம். இரண்டையும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவர்தான்.

கே: அந்த அரங்கத்தில் நடந்த ஆகச் சலிப்பான ஆட்டம் எது?
— ‘கொட்டாவி’, கோவில்பட்டி

ப: சலிப்பிலேயே சரித்திரம் படைத்தது ஒன்று உண்டு. 1979 பிப்ரவரி 24. அந்தக் காலத்தில் இத்தனை நொடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிந்தாக வேண்டும் என்ற விதி கல்லூரி ஆட்டத்தில் இல்லை. கரோலினாவின் பயிற்சியாளர் டீன் ஸ்மித் மூளைக்காரர். டியூக் தன் கூடையைச் சுற்றி அரண் கட்டி நின்றது. ‘நீ வெளியே வருகிறவரைக்கும் நான் எறிய மாட்டேன்’ என்று பந்தைத் தங்களுக்குள்ளேயே கை மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றினார்கள். மாற்றிக்கொண்டே இருந்தார்கள். முதல் பாதியின் 20 நிமிடங்களில் கரோலினா கூடையை நோக்கி எறிந்தது இரண்டே தடவை. இரண்டும் தப்பு. ரிச் யோனகோர் எறிந்த பந்து வளையத்தைக்கூடத் தொடாமல் விழ, மாணவர் கூட்டம் ‘ஏர்ர்ர் பால்’ என்று ராகம் இழுத்தது. அமெரிக்கா முழுவதும் இன்று கேட்கும் அந்தக் கூச்சல் அன்றுதான் பிறந்தது என்று டியூக்காரர்கள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள்.

இடைவேளை ஸ்கோர்: டியூக் 7, கரோலினா 0. அச்சுப் பிழை இல்லை.

அழகு இனிமேல்தான். இரண்டாம் பாதியில் கரோலினா ஒழுங்காக ஆடியது. அந்தப் பாதியில் மட்டும் இரு அணிகளும் எடுத்தது தலைக்கு 40. முடிவு 47-40. அதாவது டியூக் ஜெயித்தது, எதிரி ஆடாத பாதியில் போட்ட ஏழு புள்ளியால். டியூக் பயிற்சியாளர் பில் ஃபாஸ்டர், ‘கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் நைஸ்மித் என்றல்லவா நினைத்தேன், டீன்ஸ்மித் இல்லையே’ என்று குத்தினார். ஸ்மித்தின் அறிவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரே வாரத்தில் லீக் இறுதி ஆட்டத்தில் இதே டியூக்கை 71-63 என்று வீழ்த்தினார். ஆனால் 1985-86 பருவத்தில் 45 நொடி விதி நாடு முழுக்க வந்தபோது, கேமரனில் அந்த முதல் பாதியைப் பார்த்தவர்கள் அழுதிருக்க மாட்டார்கள்.

கே: மாணவர்கள் எதிரணியைக் கேவலமாகத் திட்டுவார்களாமே? ஒரு ஆசிரியனாக எனக்கு வருத்தம்.
— ‘ஓய்வு பெற்ற பிரம்பு’, ஒரத்தநாடு

ப: உங்கள் வருத்தம் 1984இலேயே ஒருவருக்கு வந்தது ஐயா. ஜனவரியில் மேரிலாந்து அணி வந்தபோது ‘கேமரன் கிரேசி’கள் என்று பெயரெடுத்த அந்த மாணவர்கள் எல்லை மீறிவிட்டார்கள். எறியக்கூடாத உள்ளாடைகளைக்கூட எறிந்தார்கள். பத்திரிகைகள் கிழித்தன. அப்போது பல்கலைக்கழகத் தலைவர் டெர்ரி சான்ஃபோர்ட், மாநிலத்தின் முன்னாள் ஆளுநர். மிரட்டல் சுற்றறிக்கை விடவில்லை. ஒரு கடிதம் எழுதினார். கிண்டல் செய்யுங்கள், கூர்மையாகவே செய்யுங்கள், ஆனால் அசிங்கம் வேண்டாம் என்பது சாரம். கீழே கையெழுத்து: ‘டெர்ரி மாமா’.

நாலே நாளில் கரோலினா வந்தது, மைக்கேல் ஜோர்டானோடு. கிரேசிகள் அலுமினியத் தாளில் ஒளிவட்டம் செய்து தலையில் மாட்டிக்கொண்டு தேவதைகளாக நின்றார்கள். டீன் ஸ்மித்துக்கு மனமார்ந்த வரவேற்பு என்று தட்டி. எதிரணி ஃப்ரீ த்ரோ எறிய நின்றால், ‘தயவுசெய்து தவறவிடுங்கள்’ என்று அட்டை. நடுவர் தப்பாக ஊதினால் வழக்கமாக வரும் கெட்ட வார்த்தைக்குப் பதிலாக, ஆயிரம் தொண்டையில் ஒரே குரலாக, ‘நாங்கள் பணிவோடு மாறுபடுகிறோம்!’

பிள்ளைகள் இவ்வளவு மரியாதையாக இருந்த நாளில் பெரியவர்கள் எப்படி இருந்தார்கள் என்று கேளுங்கள். நேரக் கணக்கு மேஜைக்காரர்களின் கவனத்தைத் திருப்ப டீன் ஸ்மித் ஓங்கித் தட்டினதில் ஏதோ பொத்தான் அழுந்தி, ஸ்கோர் பலகையில் கரோலினாவுக்கு 20 புள்ளி ஏறிக்கொண்டது! அதைத் திருத்தினார்கள், ஆனாலும் கரோலினா 78-73 என்று ஜெயித்தது. முடிந்ததும் டியூக்கின் இளம் பயிற்சியாளர், இந்த லீக்கில் அவர்களுக்கு ஒரு நியாயம் எங்களுக்கு ஒரு நியாயமா என்று பொரிந்து தள்ளினார். மாமாவின் கடிதம் பயிற்சியாளர்களுக்குப் போகவில்லை போலும்.

கே: அந்த இளம் பயிற்சியாளரின் பெயரை எழுதாமல் நழுவுகிறீர்களே?
— ‘கண்கொத்திப் பாம்பு’, காரைக்குடி

ப: நழுவவில்லை, நாக்குக்கு ஓய்வு கொடுத்தேன். மைக் ஷஷெஃப்ஸ்கி. ஆங்கிலத்தில் அதை எழுத 10 எழுத்து, நடுவில் உயிரெழுத்துக்குப் பஞ்சம். அவர் ஊரிலேயே ‘கோச் கே’ என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே.

கே: டிக்கெட்டுக்காகக் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். வேலை வெட்டி இல்லையா?
— ‘மூன்று பிள்ளை பெற்றவன்’, மேட்டூர்

ப: படிப்புதான் அவர்கள் வேலை, அதையும் கூடாரத்துக்குள் செய்கிறார்கள். மாணவர்களுக்கு டிக்கெட் இலவசம்; ஆனால் வரிசையில் முதலில் நிற்பவருக்கே களத்தோரம். 1986இல் கரோலினா ஆட்டத்துக்காகச் சிலர் அரங்கத்து வாசல் புல்வெளியில் கூடாரம் போட்டார்கள். இன்று அது வருடா வருடம் ஜனவரியில் முளைக்கிற குடியிருப்பு, பெயர் ‘கே-வில்’. கூடாரத்துக்கு 12 பேர், முறை வைத்துத் தங்க வேண்டும். நடுராத்திரி, விடிகாலை என்று எந்நேரமும் வரிசைக் கண்காணிகள் ஒலிபெருக்கியில் எழுப்பி ஆஜர் எடுப்பார்கள். அவர்களும் மாணவர்கள்தான். ஆள் குறைந்தால் எச்சரிக்கை, மறுபடி குறைந்தால் வரிசையின் கடைசி. எட்டு மணி வகுப்பில் இல்லாத ஒழுக்கம் இரண்டு மணிப் பனியில் இருக்கிறது என்று பேராசிரியர்கள் பெருமூச்சு விட்டால் அதில் நியாயம் உண்டு.

இவ்வளவு பாடுபட்டு உள்ளே வந்து என்ன செய்வார்கள்? 2003இல் ஒரு மாணவர், கரோலினாவின் ஜாக்கி மேனுவல் ஃப்ரீ த்ரோ எறியும் நேரத்தில் கூடைக்குப் பின்னால் நீச்சல் ஜட்டியோடு எழுந்து ஆடினார். மேனுவல் இரண்டையும் தவறவிட்டார். கொள்ளிக்கண் திருஷ்டிக்கு இப்படி ஒரு பொம்மை இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பூசணிக்காயின் மவுசு குறைந்திருக்கும்.

கே: ஜெயித்த கதையே சொல்கிறீர்கள். தோற்றும் கொண்டாடிய ஆட்டம் உண்டா?
— ‘எப்போதும் இரண்டாமிடம்’, ஈரோடு

ப: 1995 பிப்ரவரி 2. டியூக்குக்கு ஏழரை நாட்டுச் சனி. கோச் கே முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீட்டில். லீக்கில் ஆடிய ஏழிலும் தோல்வி. எதிரே ஸ்டாக்ஹவுஸ், ரஷீத் வாலஸ் கொண்ட கரோலினா, நாட்டின் இரண்டாவது அணி. ஆரம்பத்திலேயே 26-9 என்று மிதித்தார்கள். டியூக் எப்படியோ எழுந்து உட்கார்ந்து, கூடுதல் நேரம் வரை இழுத்துவிட்டது. அதிலும் மூன்று புள்ளி பின்தங்கி, மணி அடிக்கப் போகிறது. ஜெஃப் கேப்பல் நடுக்கோட்டைத் தாண்டிய கையோடு, ஓட்டத்திலேயே பந்தை விட்டெறிந்தார். விழுந்தது. 95-95. அந்த நேரத்துச் சத்தத்தைப் பதிவில் கேட்டாலே ஒலிபெருக்கி பிளிறுகிறது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் கரோலினா 102-100 என்று ஜெயித்தது. அந்த 102 ஞாபகம் இல்லாதவர்களுக்கும் கேப்பலின் எறி ஞாபகம் இருக்கிறது.

கே: உங்கள் கண்ணால் பார்த்ததில் மறக்க முடியாதது?
— ‘நேரடி ஒளிபரப்பு’, நெய்வேலி

ப: மறக்க முடியாதது, பார்க்காமல் விட்டது. 2019 பிப்ரவரி 21, நமக்குக் காலை ஏழரை. அங்கே முந்தின நாள் இரவு ஒன்பது. முன்வரிசையில் ஒபாமா. ஆட்டத்தின் நாயகன் சயான் வில்லியம்சன், 18 வயதில் யானைக் கன்று மாதிரி உடம்பு, மான் மாதிரி துள்ளல். டிவி முன்னால் காபியோடு உட்கார்ந்தேன். பந்து மேலே போனது. அடுப்படியில் குக்கர் மூன்றாவது விசில். எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் சயான் தரையில், கையில் பிய்ந்த ஷூ. திரும்பும்போது கால் ஊன்றின அழுத்தத்தில் இடது ஷூ தையல் பிளந்து, பாதம் வெளியே வந்துவிட்டது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முழங்காலில் சுளுக்கு, ஆள் உள்ளே போய்விட்டார். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துக் கள்ளச்சந்தையில் டிக்கெட் வாங்கியவர்களை நினைத்து என் காபி ஆறியது. கரோலினா 88-72. மறுநாள் ஷூ நிறுவனத்தின் பங்கு விலையும் இறங்கியது. இப்போதெல்லாம் டியூக் ஆட்டம் என்றால் எங்கள் வீட்டில் இட்லிதான், விசில் கிடையாது.

கே: கோச் கே-யின் கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது? ஜெயித்து விடைபெற்றிருப்பார்தானே?
— ‘சுபம்’, சுசீந்திரம்

ப: சினிமா அதிகம் பார்க்கிறீர்கள். 2022 மார்ச் 5, 42 வருடம் ஆண்ட கூடத்தில் கடைசி நாள். பழைய ஆட்டக்காரர்கள் 96 பேர் வந்து நின்றார்கள். விருந்தாளி வீட்டுக்காரரின் பந்தியிலேயே இலையைத் தூக்கிக்கொண்டு போனதுபோல, கரோலினா 94-81 என்று அடித்தது. விழா மேடையில் மைக்கைப் பிடித்த கோச் கே, இன்றைய ஆட்டம் ஏற்கக்கூடியதல்ல என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் நன்றிக்கு வந்தார். சரி, தேசியப் போட்டியில் பழி தீர்க்கலாம் என்றால், நாலே வாரத்தில் நியூ ஆர்லியன்ஸில் அரையிறுதி. இத்தனை வருடப் பகையில் அந்தத் தேசியப் போட்டியில் இருவரும் மோதியது அதுவே முதல் தடவை. கரோலினா ஜெயித்தது. ஸ்கோர் 81-77. ஓரமாகக் குறித்து வைத்தீர்களா?

கே: ஒரே ஒரு ஆட்டத்துக்கு மட்டும் காலத்தில் பின்னால் போகலாம் என்றால் எதற்குப் போவீர்கள்?
— ‘கால எந்திரம்’, கல்லிடைக்குறிச்சி

ப: அது கேமரனிலேயே நடக்கவில்லை. அதே டர்ஹாமில், சில கிலோமீட்டர் தள்ளி, கறுப்பினத்தவருக்கான வட கரோலினா கல்லூரியின் சின்ன உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரும் போலீசும் தேவாலயத்தில் இருக்கிற நேரம் பார்த்து வைத்தது. வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து ஆடுவதே அன்று அங்கே குற்றம். டியூக் மருத்துவக் கல்லூரியின் அணி, முன்னாள் கல்லூரி நட்சத்திரங்கள் கொண்டது, சுற்று வழியில் கார் ஓட்டி, கோட்டைத் தலை வரை இழுத்து மூடிக்கொண்டு வந்து இறங்கியது. எதிரே ஜான் மெக்லெண்டன் பயிற்றுவித்த பையன்கள். மெக்லெண்டன் கன்சாஸில் அந்த நைஸ்மித்திடமே பாடம் கேட்டவர். கறுப்பர் என்பதால் அங்கே பல்கலைக்கழக அணியில் ஆட இடம் கிடைக்காதவர். இவர் சொல்லிக் கொடுத்தது டீன் ஸ்மித்துக்கு நேர் எதிர். பந்து கைக்கு வந்தால் ஓடு, நிற்காதே.

கதவைப் பூட்டினார்கள். பார்வையாளர் கிடையாது. விஷயம் கசிந்து நாலைந்து மாணவர்கள் மட்டும் வெளியே சன்னலைப் பிடித்துத் தொங்கினார்கள். முதல் சில நிமிடம் இரு பக்கமும் கை நடுங்கிப் பந்து நழுவியது. அப்புறம் மெக்லெண்டனின் பையன்கள் ஓட ஆரம்பித்தார்கள். 88-44. ஊர்ப் பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை. ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் தோண்டி எடுத்து எழுதியபோது வருடம் 1996.

எனக்கு டிக்கெட் வேண்டாம், அந்தச் சன்னலில் ஒரு கம்பி போதும். அதுவும் 88-44க்காக இல்லை. ஆட்டம் முடிந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு, யாரும் கிளம்பவில்லை. இரண்டு அணியையும் கலைத்து, கறுப்பரும் வெள்ளையருமாகப் பிரித்துக்கொண்டு, ஒரு பக்கம் சட்டையோடு, ஒரு பக்கம் சட்டை இல்லாமல், இன்னொரு ஆட்டம் ஆடினார்கள்.